ஹௌஸ்டன் என்னும் வக்கீலும் அவர் மாணாக்கரும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



வக்கீல் தொழிலைக் குறித்துப் பேசும்படி காரியதரிசி அவர்கள் எனக்குக் கட்டளையிட்டார்கள். அத்தொழிலைப் பற்றி நம் இல்லங்களில் வழங்கும் பேச்சு அத்துணை மரியாதையானதன்று. நெடுங்காலம் கறுப்பு அங்கி தரித்தவனாதலின், அப்பேச்சில் பாதி மெய்யென்று யானே ஒப்புக்கொள்ளுகிறேன். மற்றப் பாதிக்காக அமெரிக்க தேசத்து வக்கீல் ஒருவரின் சரித்திரத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

அந்நாட்டில் 1865ஆம் வருஷம் அடிமைத்தனம் ஒழிந்தது. 1868இல் பிரஜைகள் யாவர்க்கும் சட்டத்தின் பாதுகாப்பு சமமென்று அரசியற் சட்டத்தில் எழுதினார்கள். ஆனால் 1896இல் அங்குள்ள தலைமை நியாயஸ்தலம், இரு நிறத்தாரையும் வேறு வேறாக வைப்பினும் வசதி சமமாயிருப்பின் குற்றமில்லை யென்று தீர்ப்பளித்தது. அதன்பின் தென் மாகாணங்களிலே பிரிவினை கண்டிப்பாக நடந்தது. சமத்துவமோ ஏட்டோடு நின்றது.

சார்ல்ஸ் ஹாமில்டன் ஹௌஸ்டன் 1895இல் வாஷிங்டனிற் பிறந்த கறுப்பினத்தவர். முதல் உலக யுத்தத்தில் சேனை உத்தியோகஸ்தராய்ப் பிரான்சுக்குச் சென்றவர், தம் தேசத்து வெள்ளைச் சிப்பாய்களாலேயே அவமதிக்கப்பட்டார். உயிருடன் திரும்பினால் சட்டம் பயின்று, திருப்பி யடிக்க வகையற்றவர்களுக்காக வாதாடுவதென்று அங்கே உறுதி கொண்டார். ஹார்வர்டில் தேறியபின், 1929இல் ஹோவர்டு சட்டக் கலாசாலையின் நிர்வாகம் அவர் கைக்கு வந்தது. அஃது அப்போது மாலைநேரப் பள்ளி. அதனை முழுநேரக் கலாசாலையாக்கி, 1931இல் வக்கீல் சங்கத்தாரின் அங்கீகாரத்தையும் பெற்றார். மாணாக்கர் பலர் அவர் கண்டிப்புக்கு ஆற்றாது விலகினர். சமூகத்தைச் செப்பனிடாத வக்கீல் புல்லுருவிக்கு ஒப்பானவன் என்பது அவர் கொள்கை.

நிலைத்தவருள் ஒருவர் தர்குட் மார்ஷல். தம் மாகாணமாகிய மேரிலாந்தின் சட்டக் கலாசாலை கறுப்பினத்தாரைச் சேர்க்காமையால், பால்டிமோரிலிருந்து நாள்தோறும் வாஷிங்டனுக்கு ரயிலேறிப் படித்து 1933இல் முதல்வராய்த் தேறினார். இரண்டே வருஷத்தில், டானல்டு மரே என்பவருக்காக அந்தக் கலாசாலையின் மீதே ஆசிரியரும் மாணாக்கரும் சேர்ந்து வழக்காடி வென்றனர்.

அவர்கள் யுக்தியைக் கவனியுங்கள். 1896ஆம் வருஷத் தீர்ப்பை அவர்கள் நேரே எதிர்க்கவில்லை. "சமமென்று சொன்னீர்களே, அந்தச் சமம் எங்கே?" என்பதே கேள்வி. கறுப்பினத்தாருக்கென்று சட்டக் கலாசாலையே இல்லாத மாகாணம் இதற்கு யாது விடை கூறும்? ஹௌஸ்டன் சினிமாக் காமிராவும் கையுமாகத் தென் கரோலினாவின் கிராமங்களிற் சுற்றி, இருவகைப் பள்ளிகளையும் படம் பிடித்து வந்தார். சாட்சியம் இன்றி அவர் வாய் திறப்பதில்லை. நம்மில் இளைய வக்கீல்கள் இதைக் கேட்டால் எனக்கு மகிழ்ச்சி.

வக்கீலின் புகழைப் பேசும்போது கட்சிக்காரனை மறந்துவிடுகிறோம். மிசௌரி மாகாணத்தின் மீது 1938இல் வென்ற லாயிட் கெயின்ஸ் என்னும் வாலிபர் மறுவருஷம் காணாமற் போனார், இன்றளவும் துப்பில்லை. தென் கரோலினாவில் கிளாரண்டன் என்னும் ஜில்லாவில், கறுப்புக் குழந்தைகளின் பெற்றோர் முதலிற் கேட்டது பள்ளிக்குச் செல்ல ஒரு பஸ் மாத்திரமே. பின்னர்ச் சமமான பள்ளி வேண்டி எழுதிய மனுவில் ஹாரி பிரிக்ஸ் கையொப்பமிட்டார். பெட்ரோல் கடையில் அவருக்கிருந்த வேலை போயிற்று. மனைவியின் வேலையும் போயிற்று. வேலை தேடி அவர் புளோரிடாவுக்குச் செல்ல நேர்ந்தது.

அவ்வழக்கும் வேறு சில வழக்குகளும் ஒன்றாய் விசாரிக்கப்பட்டு, 1954 மே 17ஆம் தேதி ஒன்பது நீதிபதிகளும் ஒருமுகமாய், பள்ளிகளிற் பிரிவினை சட்டவிரோதமென்று தீர்த்தார்கள். வாதாடியோருள் தலைவர் மார்ஷல். 1967இல் அவரே அந்நியாயஸ்தலத்தின் முதற் கறுப்பு நீதிபதியானார். தீர்ப்புக்குப் பத்து வருஷம் கழிந்தும் தென் மாகாணங்களில் பெரும்பாலான கறுப்புக் குழந்தைகள் பழைய பள்ளிகளிலேயே இருந்தனர்; வழக்குகள் மேலும் நடந்தன. ஹௌஸ்டன் இவற்றுள் ஒன்றையும் காணவில்லை. இருதய நோயால் 1950 ஏப்ரலில், ஐம்பத்துநான்காம் வயதில், அவர் காலமாகியிருந்தார்.