மாடி அறையும் மாதத் தவணையும்



வீட்டுக் கடனைப் பற்றிப் பேசச் சொன்னார் நம் சங்கச் செயலாளர். அது வங்கிக்காரர்கள் பேச வேண்டிய விஷயம். கடன் வாங்கினவன் பேசக்கூடியது, அதை அடைக்கச் சொந்த வீட்டிலேயே ஓர் அறையை வாடகைக்கு விடுவதைப் பற்றித்தான்.

முதலில் கணக்கு. 30 லட்சம் ரூபாய், 9 சதவீத வட்டி, 20 வருஷம். மாதத் தவணை சுமார் 27,000. முதல் மாதம் அதில் 22,500 வட்டிக்கே போய்விடும். அசலில் குறைவது நாலாயிரத்துச் சொச்சம்! ஆனால் முதல் மாதத்திலிருந்தே 5,000 கூடுதலாகக் கட்டி வந்தால் அதே கடன் பதின்மூன்றரை வருஷத்தில் தீர்ந்துவிடும். அந்த ஐயாயிரம் எங்கிருந்து வரும்? உடைந்த நாற்காலியும் கொலுப்பெட்டியும் அடைத்து வைத்திருக்கிறோமே, அந்த மாடி அறையிலிருந்து வரலாம்.

நாங்கள் ஆசைப்பட்டு இதில் இறங்கவில்லை. 2020-இல் எனக்குச் சம்பளம் பாதியானது. ரிசர்வ் வங்கி அனுமதித்தபடி ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிப்போட்டோம். வட்டி மட்டும் ஏறிக்கொண்டே போனது. வீட்டை விற்றுவிடலாமா என்று எத்தனையோ ராத்திரி பேசியிருக்கிறோம். 2021-இல் மாடி அறையைக் காலி பண்ணினோம்.

"ஒண்டுக்குடித்தனமா?" என்றாள் என் மனைவி. அவள் வளர்ந்தது திருவல்லிக்கேணியில். ஒரு குழாய், ஒரு கழிப்பறை, ஐந்து குடும்பம். அந்தப் பயம் நியாயமானதுதானே? ஆகவே மாடிக்கென்று தனிக் குளியலறை, தனி மீட்டர் வைத்தோம். வெளிப்படிக்கட்டு ஏற்கெனவே இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். ஒரே கூரையின் கீழ் சண்டை வருவது வாடகையால் அல்ல; தண்ணீர், கரண்ட், வண்டி நிறுத்துகிற இடம், இந்த மூன்றால்தான்.

சட்டம் கொஞ்சம். 1960-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் போய்விட்டது. 2017-இல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கணும், பதியணும். இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டாலொழிய மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது. 'பத்து மாசம் கொடு' என்று கேட்கிற நம்மவர்கள் கவனிக்க! பெண்கள் விடுதி மாதிரி நடத்துவதானால் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்குத் தனியாக உரிமம் வேண்டும்.

வரிக்குப் பயந்து ரசீது கொடுக்காதவர்கள் உண்டு. அவசியமே இல்லை. மாதம் 8,000 என்றால் வருஷத்துக்கு 96,000. அதில் 30 சதவீதம் கழிவு, மிச்சம் 67,200. கடன் வட்டியில் அந்த அறைக்குரிய பங்கையும் கழித்தால் வரி கட்ட அநேகமாக ஒன்றும் நிற்காது.

கணக்கைவிடக் கஷ்டமானது மனசு. எங்கள் மாடியில் இருந்த பெண் ஒரு நர்ஸ். இரவுப் பணி முடிந்து எந்நேரமும் வருவாள். 'இந்த நேரத்துக்கு யார் அது?' என்று அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். "எங்க வீட்டுப் பொண்ணுதான்" என்று சொல்லி வாயை அடைத்தாள் என் மனைவி. நான் கேட் சாவியில் ஒன்று கொடுத்து, கீலுக்கு எண்ணெய் போட்டேன். அவ்வளவுதான். அவள் எங்கே போகிறாள், என்ன சமைக்கிறாள் என்பதெல்லாம் வாடகையில் சேராது. வீடு காட்டும்போதே 'நீங்க எந்த ஊர், என்ன ஆளுங்க?' என்று ஆழம் பார்க்கிற வழக்கத்தை நம் தலைமுறையாவது விடலாமே!

அந்த நர்ஸ் இப்போது கல்யாணமாகிக் கோயம்புத்தூரில் இருக்கிறாள். மாடி அறை வரும் ஜூனில் காலி. தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். வெளியூரிலிருந்து வந்து இடம் தேடுகிற தம்பி தங்கைகள் யாராவது இருந்தால், சாப்பாட்டுக் கூடத்தில் இருப்பேன், வந்து பாருங்கள். அட்வான்ஸ் மூன்று மாதம்தான்.