எழுதியவரைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும்

(திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியில் குழந்தைகள் இலக்கிய விழா நடத்துவது குறித்துத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



எழுத்தாளர்கள் வந்துபோவது நமது பகுதிக்குப் புதிதல்ல. பால் பிரண்டன் என்ற ஆங்கிலேயர் இங்கே வந்து ரமண மகரிஷியைச் சந்தித்து, 1934-ல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். அதைப் படித்து வெளிநாட்டார் பலர் வந்தார்கள். 1938-ல் சாமர்செட் மாம் என்ற பெயர்பெற்ற நாவலாசிரியர் வந்தார். 1944-ல் வெளிவந்த தமது நாவலில் அந்த அனுபவத்தைப் பயன்படுத்திக்கொண்டார். மகரிஷி 1950-ல் காலமானார். அதற்குப் பிறகும் பேனா பிடித்தவர்கள் வருவது நிற்கவில்லை.

யாருடைய பக்தியையும் குறை சொல்ல நான் இங்கே நிற்கவில்லை. நான் கேட்பது வேறு. இத்தனை எழுத்தாளர்கள் வந்த செங்கம் சாலைக்குப் பின்னால் நமது தெருக்கள் இருக்கின்றன. பூக்கட்டும் தாயின் மகள், சித்தாள் வேலைக்குப் போகிறவரின் மகன், ஆட்டோ ஓட்டுகிறவரின் பிள்ளை, கழனி வேலைக்குப் போகிறவரின் பிள்ளை இங்கே வளர்கிறார்கள். இவர்களில் ஒரு பிள்ளையாவது ஒரு கதை எழுதியவரை நேரில் பார்த்ததுண்டா? "ஐயா, இந்தக் கதையில் நாய் ஏன் செத்துப்போச்சு?" என்று கேட்டதுண்டா?

நம் பிள்ளைகளுக்குப் புத்தகம் என்றால் பரீட்சை. வானத்திலிருந்து மழை வருகிற மாதிரி, பள்ளிக்கூடத்திலிருந்து புத்தகம் வருகிறது என்று அவர்கள் நினைக்கிறார்கள். அதை ஒரு மனிதர் உட்கார்ந்து எழுதினார், அடித்தார், திருத்தினார், இன்னொருவர் படம் போட்டார் என்பது அவர்களுக்குத் தெரியாது.

மில் தொழிலாளிக்கு இது எளிதில் புரியும். கடையில் வேட்டியைப் பார்க்கிறவனுக்கு வேட்டி மட்டுமே தெரியும். பஞ்சும் நூலும் தறியும் இரவு ஷிப்டும் நமக்குத்தான் தெரியும். புத்தகமும் அப்படித்தான். கதை எழுதுகிறவர் ஒருவர், சித்திரக்காரர் ஒருவர். வண்ணப் படம் என்றால் மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு என்று நான்கு மைகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்ற வேண்டும். ஒன்று மயிரிழை விலகினாலும் படத்திலுள்ள குழந்தைக்கு இரண்டு மூக்கு வந்துவிடும்! பெரிய தாளை மூன்று முறை மடித்தால் 16 பக்கம் கிடைக்கும். ஆகவே பிள்ளைகளின் படக்கதை பெரும்பாலும் 16, 24, 32 என்ற கணக்கில் அடங்க வேண்டியிருக்கிறது. கதை நீண்டால் எழுத்தாளர் வெட்டியாக வேண்டும். இதை ஓவியரே தாளை மடித்துக் காட்டிச் சொன்னால் பத்து வயதுப் பிள்ளை மறக்குமா?

எழுத்தும் சித்திரமும் பெரிய இடத்துப் பிள்ளைகளுக்குத்தான் என்ற எண்ணம் நம்மிடையே இருக்கிறது. பஜ்ஜு ஷியாமின் விஷயத்தைக் கேளுங்கள். மத்தியப் பிரதேசத்துக் கோண்டு ஆதிவாசிக் குடும்பத்தில் பிறந்தவர். பிழைப்பைத் தேடிப் போபாலுக்குப் போய் இராக்காவல்காரராக வேலை பார்த்தார். அவரது சிறிய தகப்பனார் ஜன்கட் சிங் ஷியாம் பெரிய ஓவியர். அவரிடம் கைவேலை கற்றார். பிறகு லண்டனில் ஓர் உணவுக்கடையின் சுவரில் சித்திரம் தீட்ட அழைத்தார்கள். அந்த மாநகரத்தைத் தம் கிராமத்துக் கண்ணால் பார்த்து வரைந்தார். பூமிக்கு அடியில் ஓடும் ரயிலை மண்புழுவாகப் போட்டார். பெரிய மணிக்கூண்டைச் சேவலோடு சேர்த்துவிட்டார். ஏன்? அவர் ஊரில் விடிந்ததைச் சொல்வது சேவல்தானே! தாம் ஏறிப்போன பஸ்ஸை நாயாக வரைந்தார். தவறாமல் வந்து கூட்டிப்போகும் விசுவாசமுள்ள பிராணி அல்லவா! அந்தப் படங்களை 2004-ல் சென்னையின் தாரா புக்ஸ் புத்தகமாக்கியது. 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சேவல் கூவி எழுந்து களையெடுக்கப் போகிற தாயின் பிள்ளைக்கு அந்த ஒரு படத்தைக் காட்டுங்கள். தன் வீட்டிலும் சித்திரம் இருக்கிறது என்று அது தெரிந்துகொள்ளும்.

போன வாரம் வீடு வீடாகப் போனபோது ஒரு தாய் கேட்டார்: "வயித்துப்பாட்டுக்கே வழியைக் காணோம், கதைப் புத்தகத்துக்குத் திருவிழாவா, தம்பி?" நியாயமான கேள்வி. இதை அலட்சியம் செய்கிறவன் மக்களிடையே வேலை செய்ய லாயக்கில்லாதவன்.

1943-ம் ஆண்டு மார்ச் மாதம். ஹிட்லரின் படை சோவியத் மண்ணில் இருக்கிறது. ஸ்டாலின்கிராடு போர் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மாஸ்கோவில் ரொட்டிக்கு ரேஷன். பல பிள்ளைகளின் தகப்பன்மார் போர்முனையில். அந்த நேரத்தில் லெவ் கஸ்ஸில் முதலான எழுத்தாளர்கள் மாஸ்கோவின் தூண் மண்டபத்தில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் புத்தக விழா நடத்தினார்கள். கதை படித்தார்கள், பேசினார்கள், புத்தகம் கொடுத்தார்கள். பசி தீரட்டும், பிறகு பார்க்கலாம் என்று அவர்கள் தள்ளிவைக்கவில்லை. பின்னால் அது ஆண்டுதோறும் நடக்கும் குழந்தைப் புத்தக வாரமாக வளர்ந்தது. அந்த நாட்டில் தமிழிலேயே அச்சான படப் புத்தகங்களை 1951-ல் தோன்றிய நியூ செஞ்சுரி புத்தக நிலையம் சொற்ப விலைக்கு ஊர் ஊராகக் கொண்டுவந்தது. பத்தாம் வகுப்போடு நின்ற எனக்கு வாசிக்கும் பழக்கம் வந்ததே அந்த வழவழப்பான தாள்களால்தான்.

அந்தத் தாய்க்கு இன்னொன்றும் சொன்னேன். கூலிச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கைநாட்டு வைத்தவர்கள் நம் பெற்றோர். எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை பாடத்தை வெறுக்கும். வெறுத்தால் பாதியில் நிற்கும். கதைக்காக ஆசைப்பட்டுப் படிக்கிற பிள்ளை தட்டுத் தடுமாறியாவது ஓடிவிடும். ஆனால் இந்தப் பிரயோஜனத்துக்காக மட்டும் கதை வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். பணக்காரன் பிள்ளை எந்தப் பிரயோஜனமும் இல்லாமல் கதை கேட்டுச் சிரிக்கிறதே, நம் பிள்ளை சிரிக்கக்கூடாதா?

யாரை அழைப்பது என்று கேட்கிறீர்கள். ஆளுக்கா பஞ்சம்? 1950-லேயே குழந்தை எழுத்தாளர் சங்கம் கண்ட நாடு இது. அதில் முன்நின்ற அழ. வள்ளியப்பா பாங்கு உத்தியோகஸ்தர். கோவில்பட்டி உதயசங்கர் ரயில்வே ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். கீழடியை வைத்து எழுதிய 'ஆதனின் பொம்மை'க்கு 2023-ல் சாகித்திய அகாதமியின் பால புரஸ்கார் பெற்றார். நம் மாவட்டத்து வந்தவாசி மு. முருகேஷ் 2021-ல் அதே விருதைப் பெற்றார். 2024-ல் பெற்ற யூமா வாசுகி சித்திரம் கற்றவர். எழுதவும் வரையவும் தெரிந்த கை. 2021-ல் சிறார் எழுத்தாளர்களும் கலைஞர்களும் தமிழ்நாடு முழுவதற்கும் ஒரு சங்கம் அமைத்தார்கள். முறையாகக் கடிதம் எழுதிக் கேட்போம்.

புத்தகத்துக்கும் வழி இருக்கிறது. 2023-ல் சர்க்கார் பள்ளிகளுக்கு வாசிப்பு இயக்கம் என்ற பெயரில் சிறு கதைப் புத்தகங்கள் வந்தன. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படி. நல்ல யோசனை. அவை பிள்ளைகளின் கையில் இருக்கின்றனவா, பீரோவில் இருக்கின்றனவா என்பதைப் பெற்றோர் போய்க் கேட்க வேண்டும். நூலகமும் தர்மம் அல்ல. 1948-ம் ஆண்டுச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரி வசூலாகிறது. வாடகைக்குக் குடியிருப்பவர் கொடுக்கும் வாடகையிலும் அது அடங்கித்தான் இருக்கிறது. நம் காசில் வாங்கிய புத்தகத்தைக் கேட்பதில் கூச்சம் எதற்கு?

டில்லியில் 2008 முதல் 'புக்காரூ' என்ற குழந்தைகள் இலக்கிய விழா நடந்திருக்கிறது. பிறகு வேறு ஊர்களுக்கும் போனது. எழுத்தாளரும் ஓவியரும் மரத்தடியில் பிள்ளைகளோடு உட்காரும் அந்த முறையை எடுத்துக்கொள்வோம். ஆனால் இங்கே நம் நிலைமைக்குத் தக்கபடி நடத்த வேண்டும். பௌர்ணமியன்று வைக்கவே கூடாது. கிரிவலப் பாதையில் கடை போடும் குடும்பத்துப் பிள்ளைகள் அன்று தாயோடு நிற்பார்கள், மறுநாள் தூங்குவார்கள். நடவு, அறுப்பு நாட்களையும் தள்ளிப் பார்க்க வேண்டும். பேச்செல்லாம் தமிழில். ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருக்கும் வெளிநாட்டு ஓவியர் வந்து வரைய விரும்பினால் வரட்டும். படத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். டிக்கெட் கிடையாது. பொன்னாடை, மாலை, நன்றி நவிலல் கிடையாது, மேடையே வேண்டாம். பெரியவர்கள் பின்னால் நிற்கட்டும். ஓர் எழுத்தாளருக்கு முப்பது பிள்ளைகளுக்கு மேல் கூட்டக்கூடாது. அதிகமானால் கூச்சமுள்ள பிள்ளை வாயைத் திறக்காது. பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிள்ளைகளை முதலில் கூப்பிட வேண்டும். பெண் பிள்ளைகளை "தம்பியைப் பார்த்துக்கொள்" என்று வீட்டில் நிறுத்தக்கூடாது. தம்பியையும் இடுப்பில் தூக்கி வரட்டும்.

செலவுக்கு உண்டியல் குலுக்குவோம். போகும்போது ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு புத்தகம் இருக்க வேண்டும். எழுதியவரின் கையெழுத்தோடு, பிள்ளையின் பெயரோடு. தெருவுக்கு இரண்டு பேர் இப்போதே பெயர் கொடுங்கள். வீட்டுக்கு ஒரு பாய் கொண்டுவர வேண்டும். வெந்நீர், சுண்டல் பொறுப்பைத் தாய்மார்கள் ஏற்பதாகச் சொன்னார்கள். இந்தத் தடவை ஆண்கள் ஏற்கட்டும் என்பது என் யோசனை. பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து சேர வேண்டும்.