கறி இல்லாத கறிக்குழம்பு

(திருத்தங்கலில் இளம் வாசகர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாதி ஒழிப்பு பேசும் இடத்தில் மீல்மேக்கர் சுக்காவுக்கு என்ன வேலை என்று சிலர் சிரிக்கிறீர்கள். வேலை இருக்கிறது.

நம் ஊரிலிருந்தே தொடங்குகிறேன். புரட்டாசி பிறந்தால் நின்ற நாராயணப் பெருமாள் கோயிலில் சனிக்கிழமைதோறும் கூட்டம். பல வீடுகளில் கறியும் மீனும் நின்றுவிடும். தீபாவளிச் சரக்கை முடித்துக் கொடுக்கும் அவசரத்தில் பட்டாசு வேலை உச்சத்தில் இருப்பதும் அதே மாதம்தான். நாளெல்லாம் மருந்து வாடையில் உழைத்துவிட்டு வருகிறவருக்கு ரசமும் அப்பளமும் எத்தனை நாள் இறங்கும்? அப்போதுதான் வாழைக்காய் மீன் துண்டாகிறது, சேனைக்கிழங்கு வறுவலாகிறது, மீல்மேக்கர் சுக்காவாகிறது.

ஆனால் விரதம் மட்டுமே இந்தச் சமையலைப் பெற்றெடுக்கவில்லை. கால் கிலோ ஆட்டுக்கறியை ஆறு பேருக்குப் பகிர வேண்டிய வீட்டில் உருளைக்கிழங்கையும் கத்திரிக்காயையும் போட்டுத்தான் குழம்பை நீட்டுவார்கள். கறிக்கு வழியே இல்லாத வாரம் அதே மசாலாவில் காய் மட்டும் வேகும். பரோட்டாக் கடையில் கறித்துண்டு வாங்கக் காசில்லாதவர் கேட்கும் எம்டி சால்னாவும் அப்படித்தான். அங்கே புனிதம் எதுவும் இல்லை. கையில் காசில்லை, நாக்குக்குச் சுவை வேண்டும், அவ்வளவுதான்.

இதை நன்றாகச் செய்யக் கைப்பக்குவம் வேண்டும். மீல்மேக்கர் என்பது சோயாவில் எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் மாவு. 100 கிராமில் பாதிக்கு மேல் புரதம் இருக்கிறது. ஆனால் தனக்கென்று ருசி கிடையாது, கொழுப்பும் கிடையாது. எனவே உப்பு போட்ட கொதிநீரில் ஊறவைத்து, இரண்டு முறை நீர் மாற்றி, ஒட்டப் பிழிய வேண்டும். பிழியாவிட்டால் பச்சை வாடை போகாது, மசாலாவும் உள்ளே ஏறாது. பிறகு இஞ்சி பூண்டு, மிளகாய்த்தூள், கொஞ்சம் தயிரில் பிரட்டி அரை மணி நேரம் வையுங்கள். ஆட்டுக் கொழுப்பு தரும் நிறைவை நல்லெண்ணெயும் அரைத்த தேங்காயும்தான் ஈடுகட்டும். எண்ணெய்க்குக் கஞ்சம் பார்த்தால் சுக்கா ரப்பராகிவிடும். சின்ன வெங்காயம், சோம்பு, கல்பாசி, மிளகு, கறிவேப்பிலை. ஓரம் முறுகும் வரை சிறுதீயில் சுருள விடுங்கள். அடுப்படி முழுக்கக் கறி மணக்கும்.

அந்த மணத்தைப் பற்றித்தான் பேச வேண்டும். கறியின் மணம் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு சோம்பும் பட்டையும் பூண்டும் வதங்கும் மணம். 'சுத்த சைவம்' என்று பலகை மாட்டிய ஓட்டலில் காளான் பிரியாணியும் காளான் சுக்காவும் அதே மணத்தோடு மேசைக்கு வருகின்றன. யாரும் மூக்கைப் பொத்துவதில்லை. படிக்கவும் வேலைக்கும் சென்னை போய் வீடு தேடினால் மட்டும், "வாடை ஆகாது, சைவம்தானே?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் எந்தக் கேள்வி இருக்கிறது என்பது கேட்கிறவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். சமையலை ஏற்றுக்கொள்வார்கள், சமைக்கும் சாதியை ஏற்க மாட்டார்கள்.

2014ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவு ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 97 விழுக்காட்டுக்கு மேல் கறி உண்பவர்கள். இத்தனை பேரின் உணவுக்கும் 'சைவம் அல்லாதது' என்றுதான் பெயர். 2018 டிசம்பரில் சென்னை ஐஐடி விடுதி உணவகத்தில் சைவருக்கும் அசைவருக்கும் தனி வாசல், தனிக் கைகழுவுமிடம் என்று அறிவிப்பு ஒட்டப்பட்டது. அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத் தோழர்கள் எதிர்த்த பிறகே அது அகன்றது. 2024 மார்ச்சில் சொமாட்டோ 'சுத்த சைவ' உணவுக்குத் தனி ஊழியர், பச்சைச் சீருடை என்று அறிவித்து, மறுநாளே சீருடையைக் கைவிட்டது. சிவப்புச் சட்டை வாசலுக்கு வந்தால் வாடிக்கையாளருக்கு வீட்டுக்காரரால் தொல்லை வரலாம் என்பதை அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அமெரிக்காவில் 2016இல் பியாண்ட், இம்பாசிபிள் பர்கர்கள் வந்தபோது அவை தாவரத்திலிருந்து போலச் செய்தது மாட்டிறைச்சியை. இங்கே மட்டன், சிக்கன், மீன் என்று பெயர் வைக்கிறார்கள். 'மாட்டுக்கறிச் சுவையில் காளான்' என்று எழுதிய உணவுப் பட்டியலை நான் பார்த்ததில்லை. போலிக் கறியிலும் வரிசை இருக்கிறது. தீண்டாமையின் வேரை ஆராய்ந்து 1948இல் வெளியிட்ட நூலில் அம்பேத்கர் மாட்டிறைச்சியைத்தான் மையத்தில் வைத்தார். நம் கேள்வியைப் பக்கத்து வீட்டுச் சைவரிடம் மட்டும் கேட்டால் போதாது. ஆட்டுக்கறி தின்றுகொண்டே மாட்டுக்கறி தின்பவரைத் தள்ளிவைக்கும் நம் வீடுகளிலும் கேட்க வேண்டும்.

அப்படியானால் காய்கறி உண்பது பிற்போக்கா? இல்லை. உயிர்க்கொலை வேண்டாம் என்றோ, உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றோ கறியை விட்ட தோழர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் தட்டு அவர்கள் உரிமை. விரதம் இருக்கும் அம்மாவைக் கேலி செய்வதும் புரட்சி அல்ல. அந்த மாதத்தில் இரண்டு சட்டி வைக்கும் வேலை அவர் தலையில் விழாமல் நீங்கள் ஒரு சட்டியை ஏற்றால் அது உருப்படியான செயல். கறியை விடுவது ஒருவரின் முடிவு. அடுத்தவர் கறி தின்பதால் தனக்குத் தீட்டு என்பது சாதி. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எனவே மீல்மேக்கர் சுக்காவைத் தாராளமாகச் செய்யுங்கள், ருசியாகச் செய்யுங்கள். அந்த ருசி கறி ஆக்கிய கைகள் கற்றுத் தந்தது என்பதைச் சாப்பிடும்போது சொல்லுங்கள். உங்கள் வீட்டிலோ அறையிலோ விருந்து வைத்தால் ஒரே பந்தியில் இரண்டும் இருக்கட்டும், மாட்டுக்கறி உட்பட. யார் எழுந்து போகிறார்கள் என்று பாருங்கள். அவர்களிடம்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது.