முதல் சுழல்தட்டைத் தேர்ந்தெடுத்தல்



'கீறல் விழுந்த இசைத்தட்டு' என்பது நம்மிடையே ஏச்சாக வழங்கும் தொடர். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்பவரை அவ்வாறு இடித்துரைப்போம். ஆகவே, இசைத்தட்டைக் கையால் முன்னும் பின்னும் தள்ளி அந்த ஓசையையே இசையாக்கப் போகிறேன் என்று ஓர் இளைஞர் கூறினால் வீட்டுப் பெரியவர்கள் திகைப்பது இயல்பே. தூத்துக்குடிக் கல்லூரி மாணவர் ஒருவர், இக்கலையைப் பயில முதலில் எந்தக் கருவியை வாங்கலாம் என்று அண்மையில் என்னிடம் கேட்டார். அவர் கையில் இருந்தது பெற்றோர் சேமித்த பணம். அவர் வீட்டு அலமாரியில் இருந்தவை பாட்டனார் காலத்து இசைத்தட்டுகள். இவ்விரண்டும் பாழாகாமல் இக்கலையைத் தொடங்குவது எப்படி என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

'ஸ்கிராட்ச்' எனப்படும் இம்முறை 1975-ஆம் ஆண்டையொட்டி நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் தோன்றியது. கிராண்ட் விசர்ட் தியோடர் என்று புகழ்பெற்ற சிறுவரே இதைக் கண்டறிந்தவர் என்பர். ஊசி, தட்டின் பள்ளத்திலேயே இருக்கும். கை தட்டை முன்னும் பின்னும் நகர்த்தும். மற்றொரு கை ஒலியை வெட்டியும் விட்டும் தாளம் அமைக்கும். இசைத்தட்டு இசையைச் சுமக்கும் பொருளாக இருந்த நிலை மாறி, தானே ஓர் இசைக்கருவியாயிற்று.

நம் கடற்கரைக்கு இது முற்றிலும் அந்நியமன்று. திருமணமானாலும் கோயில் கொடையானாலும், மரத்தில் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டி இசைத்தட்டு ஒலித்த ஊர்கள் இவை. அக்கரையிலிருந்து இலங்கை வானொலி இசைத்தட்டுகளைச் சுழற்ற, இக்கரை கேட்டு மகிழ்ந்தது. ஊசியை உரிய பள்ளத்தில் மெல்ல இறக்கி, இடமறிந்து ஒலியைக் கூட்டியும் குறைத்தும் வந்த மைக்செட்காரரின் கைத்திறமும் செவித்திறமும் இக்கலைக்கும் வேண்டியவையே.

இனிக் கருவிக்கு வருவோம். முதலில் நோக்க வேண்டியது மோட்டார். சில சுழல்தட்டுகளில் மோட்டார் ஓரமாக நின்று ரப்பர் பெல்ட்டினால் தட்டை இழுக்கும். அமைதியாக அமர்ந்து பாட்டுக் கேட்பதற்கு அது மிக நன்று. ஆனால், கை தட்டைப் பிடித்து நிறுத்தும்போது பெல்ட் வழுக்கும். விட்டதும் உடனே பழைய வேகம் வாராது. ஸ்கிராட்ச் பயில்வோர்க்குத் தட்டின் நடு அச்சையே மோட்டார் நேராகச் சுழற்றும் அமைப்பு வேண்டும். 1972-இல் ஜப்பானில் வெளிவந்த டெக்னிக்ஸ் எஸ்.எல்.-1200 இவ்வகையினது, அதன் 1979-ஆம் ஆண்டு வடிவம் உலகெங்கும் இத்துறையினரின் அளவுகோலாயிற்று. அதையே வாங்க வேண்டும் என்பதில்லை. நேர்ச்சுழற்சியும் போதிய இழுவிசையும் உள்ள எளிய கருவி தொடக்கத்திற்குப் போதும். தட்டுக்கும் சுழல்மேடைக்கும் இடையே வழுக்கும் துணி ஒன்று இடவேண்டும். கை மேலே தட்டைப் பிடித்திருக்க, கீழே மேடை தடையின்றிச் சுழல்வது அத்துணியால்தான்.

துறைமுக நகரத்தார்க்குத் தனியே ஓர் எச்சரிக்கை. கப்பலில் பணிபுரியும் உறவினர் வெளிநாட்டிலிருந்து பழைய கருவி கொண்டுவரக்கூடும். நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். மின்மாற்றி வோல்ட்டைச் சரிசெய்யும், ஹெர்ட்ஸை மாற்றாது. மின்னோட்டத்தின் அலைவெண்ணைப் பின்பற்றிச் சுழலும் பழைய மோட்டாராயின், நிமிடத்திற்கு 33⅓ சுற்றுச் சுழல வேண்டிய தட்டு இங்கே ஏறத்தாழ 27.8 சுற்றே சுழலும். பாட்டின் காலமும் தளரும்; சுருதியும் இறங்கும். கருவியின் பின்புறம் பொறித்துள்ள எண்களைப் படித்த பிறகே பணம் கொடுங்கள்.

அடுத்தது ஊசி. இதற்கு உருண்டை முனை கொண்ட ஊசியே ஏற்றது. நுட்பமாகக் கேட்பதற்கான ஊசிகள் பெரும்பாலும் 2 கிராம் அளவான அழுத்தத்தில் இயங்கும். ஸ்கிராட்ச் ஊசிக்கு 3 முதல் 4 கிராம் வரை தேவைப்படுவதுண்டு. அழுத்தம் குறைந்தால் ஊசி துள்ளும். மிகுந்தால் பள்ளம் தேயும். தயாரிப்பாளர் குறித்த அளவைத் தராசில் வைத்துப் பாருங்கள். ஊசியிலிருந்து எழும் மின்குறி சில மில்லிவோல்ட்டே. ஆதலின் மிக்ஸரில் 'போனோ' என்று குறித்த வாயிலில் இணைத்தாலன்றி ஒலி மெலிந்தே கேட்கும்.

மூன்றாவது மிக்ஸர். அதில் இடம் வலமாக நகரும் கிராஸ்ஃபேடர்தான் ஒலியை வெட்டும் கத்தி. தொடுமுனைகள் உரசும் வகை விரைவில் தேயும். நம் கரையின் உப்புக் காற்றும் உப்பளத் தூசியும் அதை மேலும் விரைவுபடுத்தும். காந்தத்தால் இயங்கும், உரசலில்லாத வகை நெடுநாள் உழைக்கும். விலை மிகுதி எனினும், பணத்தை இங்கே செலவிடுவது தகும். பயின்று முடித்ததும் கருவியை மூடி வைக்கும் வழக்கத்துக்கோ செலவே இல்லை.

இனி, பாட்டனாரின் இசைத்தட்டுகள். நிமிடத்திற்கு 78 முறை சுழலும் பழைய தட்டுகளுள் பெரும்பாலானவை அரக்குக் கலவையால் ஆனவை, கைதவறினால் நொறுங்கும். அவற்றின் பள்ளமும் அகன்றது. இன்றைய நுண்ணூசி அதற்குப் பொருந்தாது. வினைல் தட்டும் ஒரே இடத்தில் பலமுறை தேய்க்கப்பட்டால் இரைச்சல் கொள்ளும். மறுபதிப்புக் காணாத ஒரு பாட்டின் கடைசிப் படி உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். அதை ஒருமுறை கணினியில் பதிவுசெய்து, உறையிலிட்டு, நிமிர்த்தி வையுங்கள். பயிற்சிக்கென்றே அச்சிட்ட தட்டுகள் உண்டு. பாட்டுக்கு மாறாகக் குறியொலி மட்டும் பதித்த தட்டும் உண்டு. 2004-இல் வந்த செராட்டோ ஸ்கிராட்ச் லைவ் போன்ற அமைப்புகளில் அத்தட்டைக் கை நகர்த்த, கணினியிலுள்ள பாட்டு அதற்கேற்ப அசையும். அரிய பாட்டும் பிழைக்கும். உங்கள் கலையும் வளரும்.

கடைகளில் வண்ண விளக்குகளும் எண்ணற்ற பொத்தான்களும் உங்களை அழைக்கும். தொடங்குபவர்க்கு ஒரு சுழல்தட்டு, ஒரு மிக்ஸர், இரண்டு பயிற்சித் தட்டுகள் போதும். இரண்டாம் சுழல்தட்டைப் பின்னர் வாங்கலாம். 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோன முத்துக்குளிப்பில் நம் கடலில் இறங்கியவர்களிடம் இருந்தவை ஒரு கல், ஒரு கயிறு, சிப்பி சேர்க்க ஒரு பை. மற்றதெல்லாம் மூச்சின் பயிற்சி. இக்கலையில் மூச்சுக்கு நிகரானவை செவியும் விரலும். அவற்றை எந்தக் கடையிலும் வாங்க இயலாது; நாள்தோறும் அரைமணி நேரம் பயின்றே பெற வேண்டும்.