சிறு பொருளும் பெருந்துயரும்: நாம் காண வேண்டிய ஐந்து திரைப்படங்கள்



உலகத் திரைப்படங்களுள் கட்டாயம் காண வேண்டியவை எவை என்னும் கேள்விக்குப் பட்டியலாக விடை கூறுதல் எளிது. ஆயினும் நூறு பெயர்களை அடுக்கினால் அவற்றுள் ஒன்றையேனும் நாம் தேடிக் காண்போம் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே இன்று ஐந்து படங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். இவை ஒரே சரட்டில் கோக்கத்தக்கவை. ஒவ்வொன்றின் நடுவிலும் எளிய பொருள் ஒன்று உண்டு: ஒரு மிதிவண்டி, ஒரு மணிமாலை, ஒரு வீட்டுப்பாட ஏடு, ஒரு சோடிக் காலணி. அப்பொருளின் அருகில் ஒரு குழந்தையும் உண்டு. அக்குழந்தையின் துயரத்தைப் பெரியோர் கேட்டனரா, கேளாது கடந்தனரா என்பதே இப்படங்கள் நம்முன் வைக்கும் வினா. மொழியைக் கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் இவ்வினா மிக நெருக்கமானது.

முதலில் இத்தாலிக்குச் செல்வோம். விட்டோரியோ டி சிக்கா இயக்கிய 'மிதிவண்டித் திருடர்கள்' 1948-இல் வெளிவந்தது. போருக்குப் பின் ரோம் நகரில் வேலையின்றித் திரிந்த அந்தோனியோவுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. அதற்கு மிதிவண்டி வேண்டும். அதுவோ அடகுக் கடையில் இருக்கிறது. மனைவி வீட்டிலுள்ள படுக்கை விரிப்புகளை அடகு வைத்து அதனை மீட்கிறாள். கடைப் பணியாளர் அவ்விரிப்பு மூட்டையைச் சுமந்துகொண்டு உயரமான அடுக்குகளில் ஏறுகிறார். அங்கே கூரையைத் தொடுமளவுக்கு அடகு விரிப்புகள் குவிந்துள்ளன. ஒரு நகரத்தின் வறுமையை ஒரு சொல்லும் இன்றி உணர்த்தும் காட்சி அது. வேலையின் முதல் நாளிலேயே மிதிவண்டி திருடு போகிறது. தந்தையும் சிறுவன் புரூனோவும் நகரெங்கும் தேடுகின்றனர். இறுதியில் தந்தையே ஒரு மிதிவண்டியைத் திருட முயன்று, மகனின் கண்ணெதிரே பிடிபடுகிறார். அழுது நிற்கும் சிறுவனைக் கண்ட உரிமையாளர் அவரை விட்டுவிடுகிறார். தலைகுனிந்து நடக்கும் தந்தையின் கையைப் புரூனோ பற்றிக்கொள்கிறான். தந்தையாக நடித்தவர் ஓர் ஆலைத் தொழிலாளர்; தொழில்முறை நடிகர் அல்லர்.

இப்படத்தை 1950-இல் இலண்டனில் கண்ட இளைஞர் ஒருவர், கல்கத்தாவின் விளம்பர நிறுவனம் ஒன்றில் பணியாற்றி வந்த ஓவியர். தாமும் இவ்வாறே, உண்மையான இடங்களில், அறிமுகமில்லா முகங்களைக் கொண்டு படம் எடுக்க வேண்டும் என்று அவர் உறுதி பூண்டார். அவர்தாம் சத்யஜித் ராய். பிபூதிபூஷண் பந்தோபாத்யாயாவின் வங்க நாவலை அடிப்படையாகக் கொண்ட 'பதேர் பாஞ்சாலி' 1955-இல் வெளிவந்தது. பணமின்றிப் படப்பிடிப்பு பலமுறை நின்றது. மனைவியின் நகைகளும் அடகுக்குச் சென்றன. இறுதியில் மேற்கு வங்க அரசு நிதி அளித்தது.

இப்படத்தில் வரும் மணிமாலையை நாம் கவனிக்க வேண்டும். அண்டை வீட்டார், சிறுமி துர்கா மாலையைத் திருடிவிட்டாள் என்று பழி சுமத்துகின்றனர். அவள் மறுக்கிறாள். அவமானம் தாங்காத தாய் மகளை அடித்து வெளியே தள்ளுகிறாள். பின்னர்த் துர்கா காய்ச்சலில் இறந்துபோகிறாள். குடும்பம் ஊரைவிட்டுப் புறப்படும்போது, தம்பி அப்பு பழைய பாத்திரம் ஒன்றில் அம்மாலையைக் காண்கிறான். யாரிடமும் கூறாமல் அதனைக் குளத்தில் எறிகிறான். மாலை விழுந்த இடத்தில் விலகிய பாசி மெல்ல மூடிக்கொள்கிறது. அக்கா உண்மையிலேயே எடுத்திருந்தாள் என்பது இனி அவனுக்கும் நமக்கும் மட்டுமே தெரியும். அவள் அதனை ஏன் விரும்பினாள் என்று அவ்வீட்டில் எவரும் கேட்டதில்லை.

அடுத்து ஈரான். அங்குச் சிறுவர், இளையோர் அறிவு வளர்ச்சிக்கென 1965-இல் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. நூலகங்களையும் நூல்களையும் உருவாக்கிய அந்நிறுவனம் திரைப்படங்களையும் தயாரித்தது. அப்பாஸ் கியாரஸ்தமியின் முதல் குறும்படம் அங்குத்தான் பிறந்தது. 1987-இல் வந்த 'நண்பனின் வீடு எங்கே?' என்னும் படமும் அங்கிருந்தே வந்தது. ஆசிரியர்களாகிய நாம் ஒரே ஒரு படத்தைத்தான் காண இயலும் என்றால், இதனையே காணலாம்.

கதை மிக எளியது. வீட்டுப்பாடத்தை ஏட்டில் எழுதாமல் தனித்தாளில் எழுதி வந்த மாணவனை ஆசிரியர் கண்டிக்கிறார், தாளைக் கிழிக்கிறார், மீண்டும் இவ்வாறு செய்தால் பள்ளியை விட்டு நீக்குவதாக எச்சரிக்கிறார். அன்று மாலை, பக்கத்தில் அமரும் அகமது, அந்நண்பனின் ஏட்டைத் தவறுதலாகத் தன் வீட்டிற்கு எடுத்து வந்துவிட்டதை அறிகிறான். இரண்டு ஏடுகளின் அட்டையும் ஒன்றுபோல் இருப்பவை. ஏட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தாயிடம் கூறுகிறான். மீண்டும் கூறுகிறான். தாயோ, முதலில் வீட்டுப்பாடத்தை முடி, குழந்தையின் தொட்டிலை ஆட்டு என்று வேலைகளை ஏவிக்கொண்டே இருக்கிறாள். அவள் கொடியவள் அல்லள், வேலை மிகுந்தவள். சிறுவன் கூறும் ஒவ்வொரு சொல்லும் அவள் காதில் விழுகிறது. அவற்றின் பொருள் மட்டும் அவளை எட்டவில்லை.

ஆகவே அவன் சொல்லாமல் ஓடுகிறான். கோக்கர் என்னும் தன் சிற்றூரிலிருந்து, குன்றின்மேல் வளைந்து வளைந்து செல்லும் பாதையில், பொஷ்தே என்னும் அடுத்த ஊருக்கு ஓடுகிறான். வழியில் தாத்தா அவனை நிறுத்துகிறார். தம்மிடம் சிகரெட் இருந்தும், அதனை எடுத்து வருமாறு ஏவுகிறார். சிறுவர்க்குக் கீழ்ப்படிதலைப் பழக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. நண்பனின் வீடு அகமதுக்கு இறுதிவரை அகப்படவில்லை. இரவில் அவன் தன் ஏட்டிலும் நண்பனின் ஏட்டிலும் வீட்டுப்பாடத்தை எழுதி முடிக்கிறான். மறுநாள் ஆசிரியர் அவ்வேட்டைப் புரட்டிப் பார்த்து ஏற்றுக்கொள்கிறார். ஏட்டினுள் ஒரு சிறு பூ கிடக்கிறது.

ஒழுங்கைக் கற்பிக்க எண்ணிய ஆசிரியர், மாணவன் அவ்விரவு கற்றுக்கொண்ட பேரறத்தை அறியவே இல்லை. நம் வகுப்புகளில் திருத்தப்படும் ஏடுகளுக்குள்ளும் இத்தகைய பூக்கள் இருக்கக்கூடும். ஒற்றுப்பிழைகளை எண்ணும் சிவப்பு மை அவற்றையும் காண வேண்டும்.

நான்காவது படமும் ஈரானியருடையதே. மஜீத் மஜீதி இயக்கிய 'சொர்க்கத்தின் குழந்தைகள்' 1997-இல் வந்தது. ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. தங்கையின் காலணியைச் செப்பனிட்டு எடுத்து வரும் வழியில் அலி அதனைத் தொலைத்துவிடுகிறான். தந்தையிடம் புதிய காலணி வாங்கப் பணமில்லை என்பது அவனுக்குத் தெரியும். ஆகவே அண்ணனும் தங்கையும் அவனது ஒரே சோடிக் காலணியை மாறி மாறி அணிகின்றனர். காலைப் பள்ளி முடிந்து அவள் ஓடி வர, பிற்பகல் பள்ளிக்கு அவன் ஓடுகிறான். ஓட்டப் பந்தயத்தில் மூன்றாம் பரிசு காலணி என்று அறிந்த அலி மூன்றாவதாக வர முயல்கிறான். ஆனால் முதலாவதாக வந்துவிடுகிறான். சுற்றிலும் பெரியோர் பாராட்ட, வென்றவனின் கண்களில் நீர். பாராட்டுவோரில் ஒருவரும் அக்கண்ணீரின் காரணத்தைக் கேட்கவில்லை.

இக்கதை கடல் கடந்து நம் வட்டாரத்திற்கும் வந்தது. ஜாக் நியோ 2003-இல் இதனைத் தழுவி 'ஹோம் ரன்' என்னும் படத்தைச் சிங்கப்பூரில் உருவாக்கினார். சிங்கப்பூர் தனிநாடான 1965-ஆம் ஆண்டின் கம்பத்து வாழ்வு அதில் களமாயிற்று. தங்கையாக நடித்த சிறுமி மேகன் செங், தைவானின் தங்கக் குதிரை விருது விழாவில் சிறந்த புதுமுகக் கலைஞர் விருதைப் பெற்றார். பாரசீக மொழியில் பிறந்த காலணிக் கதை சீன மொழி பேசும் கம்பத்துச் சிறுவர்க்கும் பொருந்தியது. இப்படங்களைக் கண்டபின் நம் வீட்டுப் பெரியோரிடம் அவர்களுடைய பள்ளிக் காலணியைப் பற்றிக் கேட்டுப் பார்க்கலாம். தமிழில் எழுதத்தக்க கதைகள் அங்கும் கிடைக்கும்.

இப்படங்களை மூல மொழியிலேயே, மொழிபெயர்ப்பு வரிகளின் துணையுடன் காண்பதே நன்று. அகமதின் குரலில் உள்ள தயக்கமும் அலியின் மூச்சிரைப்பும் மாற்றுக் குரலில் மறைந்துவிடும். பொருள் புரியாத மொழியிலும் குரலைக் கூர்ந்து கேட்பது காதுக்கு நல்ல பயிற்சி.

வகுப்பறைக்கு ஓர் எளிய பயிற்சியையும் முன்வைக்கிறோம். அகமது தாயிடம் மன்றாடும் காட்சியை மாணவர்க்குக் காட்டுவோம். பின்னர், அத்தாய் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டு மகனை நோக்கித் திரும்பியிருந்தால் அவர்கள் இருவரும் என்ன பேசியிருப்பர் என்பதைத் தமிழில் எழுதச் சொல்வோம். மனனம் செய்த அழகுத்தொடர்கள் இங்கே உதவமாட்டா. வீட்டில் வழங்கும் எளிய தமிழே உதவும். அவ்வுரையாடலை மாணவர் இருவர் வகுப்பில் படித்துக் காட்டட்டும்.

தமிழில் பேசினால் பிழை திருத்தப்படும் என்று மட்டும் அறிந்த பிள்ளை நாளடைவில் தமிழில் பேசுவதை விட்டுவிடுவான். தமிழில் பேசினால் தன் துயரத்தைக் கேட்க ஒருவர் இருக்கிறார் என்று அறிந்த பிள்ளை அம்மொழியை எளிதில் கைவிடமாட்டான். இவ்வைந்து படங்களையும் நாம் காண வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். பிழையைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். பிள்ளை சொல்ல வந்ததை முதலில் கேட்போம்.