சுகாதாரச் செய்தி லயத்து வாசல் வரை போக வேண்டும்

(பிள்ளைக் காம்பரா அம்மாமார், தோட்ட மருத்துவிச்சிமார், மருந்துச்சாலை உத்தியோகத்தர்கள், சுகாதாரத் தொண்டர்கள் ஆகியோருக்காகப் பேலியகொடையில் நடந்த ஒரு நாள் பயிற்சிக் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஒருவர் ஆற்றிய உரை. தொழிலாளர் குடும்பங்களும் அறிந்திருக்க வேண்டிய விடயங்கள் என்பதால் இங்கு தருகின்றோம்.)



"தோட்டத்துச் சுகாதாரக் கூட்டத்தை ஹட்டனிலோ பதுளையிலோ வைக்காமல் ஏன் பேலியகொடையில் வைக்கிறீங்க?" என்று பலர் எங்களிடம் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். கண்டி வீதியில் வருகிற பஸ், களனி கங்கையைத் தாண்டிக் கொழும்புக்குள் போகும் முன் தொடுகிற ஊர் இது. மீன் சந்தை 2011இல் இங்கே வந்தது. பிறகு மெனிங் சந்தையும் வந்தது. நுவரெலியாவிலிருந்து வரும் கோவாவும் கரட்டும் லீக்ஸும் இங்கேதான் இறங்குகின்றன. மூட்டையோடு நம் பிள்ளைகளும் இறங்குகிறார்கள். சாப்பாட்டுக் கடையில், லொறியில், சந்தையில், வீட்டு வேலையில் என்று இந்தப் பக்கத்தில் நம் சனங்கள் இல்லாத இடம் இல்லை. ஆனால் தோட்டத்துச் சுகாதாரப் பதிவேட்டில் அவர்கள் பெயருக்கு நேரே "கொழும்பு" என்று எழுதிவிட்டு நாம் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். இங்குள்ள பதிவேட்டிலோ அவர்கள் பெயரே கிடையாது. இரண்டு பதிவேட்டுக்கும் நடுவில் விழுந்தவர்களைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்தோம்.

முதலில் எங்கள் பிழையைச் சொல்லிவிடுகிறோம்.

2020 ஒக்டோபர் மாதம் மூன்றாவது வாரத்தில் பேலியகொடை மீன் சந்தையில் கொவிட் தொற்று பெரிய அளவில் கண்டுபிடிக்கப்பட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சந்தையை மூடினார்கள். இங்கிருந்து மீன் ஏற்றிப் போன லொறிகள் வழியே பல மாவட்டங்களுக்கும் தொற்று போய்ச் சேர்ந்தது. நவம்பர் 14ஆம் திகதி தீபாவளி. பெருநாளைக்கு ஊருக்கு வர வேண்டிய பிள்ளைகள் வழியில் அகப்பட்டுக்கொண்டார்கள். மேல் மாகாணத்தை விட்டு யாரும் வெளியே போகக் கூடாது என்ற தடை வருவதற்கு முன்பே சில பேர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்கள்.

எங்கள் டிவிஷனில் அப்படி வந்தவர்களின் பெயரை எழுதினோம். எழுதியது சரி. மறுநாள் காலையில் பிரட்டுக்களத்தில் எல்லோர் முன்னாலும் அந்தப் பெயர்களை வாசித்தோம். அங்கேதான் பிழை விட்டோம். பொழுது சாயும் முன்னே அந்த வீடுகளுக்குத் தண்ணீர்ப் பீலியில் இடம் இல்லை என்று ஆகிவிட்டது. கடையில் சாமான் கொடுக்கவில்லை. ஒரு தாய் எங்களிடம் வந்து, "ஐயா, என் மகன் களவெடுத்துட்டா வந்தான்? சம்பாதிக்கப் போன பிள்ளைதானே?" என்று கேட்டார். பதில் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. அதற்குப் பிறகு வந்த இரண்டு பிள்ளைகள் வீட்டுக்கே போகாமல் மலையில் மட்டக் கம்பிக்குப் பக்கத்துக் கொட்டிலில் ஒளிந்திருந்தார்கள். ஒருவனுக்குக் கடும் காய்ச்சல். பெயர் வாசித்துவிடுவார்கள் என்ற பயத்தில் மூன்று நாள் மருந்தில்லாமல் கிடந்திருக்கிறான்.

அவனைக் கண்டுபிடித்தது நாங்கள் அல்ல, பிள்ளைக் காம்பரா அம்மா ஒருவர். அவன் சின்னக் குழந்தையாக இருந்தபோது தொட்டிலில் போட்டு ஆட்டியவர். கொட்டிலுக்குத் தூரத்தில் நின்று, "தம்பி, நான்தான் வந்திருக்கேன், யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க" என்று கூப்பிட்டார். அவன் வெளியே வந்தான். பிறகுதான் பி.எச்.ஐ. ஐயா வந்தார், அம்புலன்ஸ் வந்தது, பிள்ளை பிழைத்தான். அன்றைக்கு நாங்கள் படித்த பாடம், நோயாளியின் பெயர் வைத்தியருக்கும் மிஸிக்கும் தெரிய வேண்டும், பிரட்டுக்களத்துக்குத் தெரியத் தேவையில்லை என்பது. சயரோகத்துக்கும் இதுதான். கல்யாணம் ஆகாமல் கர்ப்பமான பிள்ளைக்கும் இதுதான். சனங்களுக்கு நம்மில் நம்பிக்கை போய்விட்டால் மருந்துச்சாலையில் எவ்வளவு மருந்து இருந்தும் பிரயோசனம் இல்லை.

ஆரம்ப சுகாதாரம் என்றதும் சிலர் சிறிய வேலை என்று நினைக்கிறார்கள். நம் நாட்டின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. தோட்டத் தொழிலாளருக்கு வைத்திய வசதி கொடுக்க வேண்டும் என்ற வைத்தியத் தேவைகள் சட்டம் 1912இல் வந்தது. 1916இல் மாத்தளைத் தோட்டங்களில் கொக்கிப் புழுவை ஒழிக்கும் வேலை தொடங்கியது. வெறும் மருந்து கொடுத்தால் புழு திரும்ப வரும், கக்கூஸ் கட்டினால்தான் போகும் என்பதை அந்த வேலை காட்டியது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. ஒரு சுகாதார வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழே பரிசோதகர், வீடு வீடாகப் போகும் மருத்துவிச்சி என்கிற ஒழுங்கு அங்கிருந்து நாடெங்கும் பரவியது. மலேரியா இல்லாத நாடு என்று 2016இல் உலக சுகாதார ஸ்தாபனம் நமக்குச் சான்று தந்ததற்கும் வீட்டுப் படி ஏறிப் போன இந்த மனிதர்களே பெரும் காரணம்.

ஆனால் தோட்டம் இன்னும் பின்னால்தான் நிற்கிறது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி வயதுக்கேற்ற உயரம் இல்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாட்டில் நூற்றுக்கு 17 பேர். தோட்டத்தில் நூற்றுக்கு 32 பேர் அளவில். இந்த வித்தியாசம் கொழுந்துத் தராசில் தெரியாது, பிள்ளைக் காம்பரா தராசில் தெரியும். அதனால் மாதா மாதம் பிள்ளையை நிறுத்து, சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் புள்ளி வைப்பது சும்மா ஒரு சடங்கு என்று நினைக்க வேண்டாம். கோடு மேலே ஏறாமல் படுத்துவிட்டால் அந்த மாதமே மிஸியிடம் சொல்ல வேண்டும். 1973இல் தொடங்கிய திரிபோஷ, நிறை குறைந்த பிள்ளைக்கும் கர்ப்பவதிக்கும் பாலூட்டும் தாய்க்கும் உரியது. வீட்டில் எல்லோருக்கும் பங்கு போட்டால் யாருக்கும் உதவாது.

இனி, கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

முதலாவது, அட்டைகள். கர்ப்பவதிக்குக் கொடுக்கப்படும் பதிவட்டையைத் தாய் எங்கே போனாலும் கையோடு கொண்டுபோக வேண்டும். ஆறு மாதக் கர்ப்பத்தோடு புருஷனிடம் பேலியகொடைக்கு வந்த தங்கச்சி ஒருவர் அட்டையைத் தோட்டத்துப் பெட்டியிலே வைத்துவிட்டு வந்தார். காலும் முகமும் வீங்கியபோது பிரஷர் முன்பு எவ்வளவு இருந்தது என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. நல்ல காலம், பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா ஒருவர் கையைப் பிடித்து கிளினிக்குக்கு அழைத்துப் போனார். வாடகை அறையில் இருந்தாலும் அந்தப் பகுதி மருத்துவிச்சியிடம் பதியலாம். "நாங்க இந்த ஊர் இல்லையே" என்று ஒதுங்க வேண்டாம். தோட்டத்து மிஸியம்மாமாரும் தாய் புறப்படும் முன் அட்டையில் எல்லாம் எழுதியிருக்கிறதா என்று பார்த்து அனுப்புங்கள்.

பிள்ளையின் தடுப்பூசியும் அப்படியே. 2019இல் சின்னமுத்து ஒழிந்த நாடு என்று நாம் பெயர் வாங்கினோம். 2023இல் அது மறுபடி வந்தது. ஒன்பதாவது மாதத்திலும் மூன்று வயதிலும் போட வேண்டிய எம்.எம்.ஆர். ஊசி, தாய் கொழும்புக்கும் தோட்டத்துக்கும் அலைகிற காலத்தில்தான் தவறிப்போகிறது.

இரண்டாவது, தொலைபேசி. 1990 என்பது சுவசெரிய இலவச அம்புலன்ஸ். 2016இல் தொடங்கி இப்போது நாடெங்கும் ஓடுகிறது. கூப்பிடும்போது தோட்டப் பெயரோடு டிவிஷன் பெயரையும் பெரிய வீதியில் எந்தச் சந்தியால் திரும்ப வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். லயத்து வரை வாகனம் ஏறாது என்றால் நோயாளியை எங்கே கொண்டுவந்து வைத்திருப்போம் என்றும் சொல்ல வேண்டும். 1926 தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். களுத்துறைச் சுகாதாரப் பிரிவு தொடங்கிய ஆண்டும் அதுவே என்று ஞாபகம் வைத்தால் மறக்காது. 1938 பெண்களுக்கு, 1929 சிறுவர்களுக்கு. அடிபட்ட பெண்ணுக்குப் பெரிய ஆஸ்பத்திரிகளில் நட்பு நிலையம் இருக்கிறது. இந்த இலக்கங்களைப் பிள்ளைக் காம்பரா சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.

மூன்றாவது, செய்தி. தொற்றுநோயியல் பிரிவு வாராந்தம் ஓர் அறிக்கை வெளியிடுகிறது. எந்த மாவட்டத்தில் டெங்கு எத்தனை, எலிக்காய்ச்சல் எத்தனை என்று அதில் பார்க்கலாம். ஆங்கிலத்தில் வருவதால், மருந்துச்சாலை ஐயாமார் பார்த்துத் தமிழில் நாலு வரி எழுதி ஒட்டினால் போதும். கம்பஹாவில் டெங்கு கூடினால், அங்கிருந்து லீவில் வரும் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தோட்டத்து மிஸிக்கு உடனே யோசனை வரும். சுகாதார மேம்பாட்டுப் பணியகம் தமிழிலும் துண்டுப் பிரசுரங்கள் தருகிறது. கேட்டு வாங்க வேண்டும். கேட்காத வீட்டுக்கு எதுவும் வராது.

இங்கே தொழில் பார்க்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் சில வார்த்தை. காய்ச்சல் என்றால் பரசிட்டமோல் மட்டும் போடுங்கள். உடம்பு வலிக்கு என்று கடையில் வேறு குளிசை வாங்கிப் போட வேண்டாம், டெங்குவாக இருந்தால் இரத்தம் கசியும். மூன்றாம் நாளுக்குள் இரத்தம் சோதியுங்கள். காய்ச்சலோடு இரவு பஸ்ஸில் ஊருக்குப் புறப்படாதீர்கள். பக்கத்தில் றாகமையும் கொழும்பு தேசிய வைத்தியசாலையும் இருக்கும்போது, அம்மா முகத்தைப் பார்த்தால் சரியாகும் என்று ஆறு மணி நேரம் குலுங்கிப் போவது ஆபத்து. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளி சோதனைக்குப் போங்கள். சயரோகத்துக்கு மருந்து இலவசம், ஆறு மாதம் விடாமல் எடுக்க வேண்டும். நடுவில் ஊருக்குப் போவதென்றால் கிளினிக்கில் சொல்லிக் கடிதம் வாங்கிப் போனால் அங்கேயே மருந்து தொடரலாம்.

கடைசியாக, சுகாதார ஊழியர்களிடம் எங்கள் வேண்டுகோள் மூன்று. கொழும்புக்குப் போன ஒவ்வொருவருக்கும் பதிவேட்டில் ஒரு பக்கம் வையுங்கள். இருக்கும் இடத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதி, அதைப் பூட்டி வையுங்கள். தீபாவளி, பொங்கல், திருவிழாவுக்கு அவர்கள் வரும்போது அந்த வாரத்தில் ஒரு கிளினிக் வையுங்கள். இங்குள்ள மருத்துவிச்சி அம்மாமாரும் அங்குள்ள மிஸியம்மாமாரும் இன்றைக்கே இலக்கம் மாற்றிக்கொள்ளுங்கள். ஒருவருக்குத் தமிழ் குறைவு, ஒருவருக்குச் சிங்களம் குறைவு என்று பார்க்க வேண்டாம். ஒரு தாயின் பிரஷர் எவ்வளவு என்று கேட்கப் பெரிய பாஷை தேவையில்லை.

கொட்டிலில் ஒளிந்திருந்த அந்தப் பிள்ளை மறுபடி இதே பேலியகொடையில்தான் வேலை பார்க்கிறான். இப்போது ஊருக்கு வரும்போது முதலில் பிள்ளைக் காம்பராவுக்குப் போய் அந்த அம்மாவைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறான். எங்களைக் கண்டாலும் சிரிக்கிறான். ஆனாலும் அன்று நாங்கள் பெயர் வாசித்ததை அவன் மறந்திருக்க மாட்டான். நாங்களும் மறக்கக் கூடாது.