நோய் குற்றம் அல்ல



ஊரில் ஓர் அடிதடி நடக்கிறது. "அந்தப் பைத்தியம்தான் செய்திருக்கும்" என்று சிலர் சொல்லிவிடுகிறார்கள். இது சரியா?

சரியல்ல. மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் யாருக்கும் தீங்கு செய்வதில்லை. அவர்கள்தான் பிறரிடம் அடிபடுகிறார்கள், ஏமாற்றப்படுகிறார்கள்.

ஆனாலும், நோய் முற்றிய சிலருக்கு இல்லாத குரல் காதில் கேட்கும். வீட்டாரே விஷம் வைப்பதாகத் தோன்றும். அந்தப் பயத்தில் ஒருவர் கை ஓங்கிவிடலாம். அப்போது சட்டம் என்ன சொல்கிறது?

மனநோயால், தான் செய்வது இன்னது என்றோ, அது தவறு என்றோ அறிய முடியாத நிலையில் ஒருவர் செய்தது குற்றம் ஆகாது. 1860-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இது இருந்தது. 2024-இல் நடப்புக்கு வந்த புதிய சட்டத்திலும் 22-ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் நோய் இருந்தது என்று சொன்னால் மட்டும் போதாது. அந்த நேரத்தில் அவர் அந்த நிலையில் இருந்தார் என்று கோர்ட்டில் காட்ட வேண்டும். அதற்கு ஆள் வேண்டும்.

ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும்? அஸ்ஸாமில் நடந்ததைக் கேளுங்கள்.

மச்சாங் லாலுங் என்பவர் சில்சாங் கிராமத்து ஏழை. பழங்குடியைச் சேர்ந்தவர். ஒருவரைக் காயப்படுத்தியதாக 1951-இல் அவரைப் போலீஸ் பிடித்தது. அப்போது அவருக்கு வயது 23. தேஜ்பூர் மனநல ஆஸ்பத்திரிக்கு அவரை அனுப்பினார்கள். 1967-இல் அவர் குணமாகிவிட்டார் என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் வீட்டுக்கு அனுப்பவில்லை. மறுபடியும் ஜெயிலுக்கே அனுப்பினார்கள்.

அவருடைய வழக்கு விசாரணைக்கே வரவில்லை. தேசிய மனித உரிமை ஆணையம் தலையிட்டது. 2005-இல் ஒரு ரூபாய் ஜாமீனில் அவர் வெளியே வந்தார். அப்போது வயது 77. உள்ளே கழிந்தது 54 ஆண்டுகள்! அவருக்கு 3 லட்சம் ரூபாய் நஷ்ட ஈடும், மாதம் 1000 ரூபாயும் கொடுக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2007-இல் அவர் இறந்துபோனார். பணம் வந்தது. போன இளமை வருமா?

இப்படி இன்னொருவருக்கு நடக்கக்கூடாது. அதற்கு நாம் சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

குற்றம் செய்யாத மனநோயாளியை ஜெயிலில் வைப்பது சட்ட விரோதம் என்று 1993-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டமும் வழி சொல்கிறது. தெருவில் திரியும் மனநோயாளியைப் போலீஸார் லாக்கப்பில் அடைக்கக்கூடாது. 24 மணி நேரத்துக்குள் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஜெயிலில் இருக்கும் மனநோயாளிக்கும் சிகிச்சை பெற உரிமை உண்டு.

வீட்டில் யாருக்காவது மனநோய் இருந்தால் ஆஸ்பத்திரிச் சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள். வழக்கு வந்தால் அவற்றை வக்கீலிடம் காட்டுங்கள். வக்கீல் வைக்கப் பணம் இல்லையா? மனநோயாளிக்கு அரசு இலவச வக்கீல் தரும். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். நோய் பற்றிக் கேட்க 14416 என்ற எண் இருக்கிறது. காசு கிடையாது. இரவிலும் பேசலாம். தமிழிலும் பேசலாம்.

உறவினர் ஜெயிலில் இருந்தால் வெட்கப்பட்டு ஒதுங்காதீர்கள். போய்ப் பாருங்கள். "வழக்கு எந்தக் கோர்ட்டில்? அடுத்த தேதி எது?" என்று கேளுங்கள். கேட்க ஆள் இருந்தால்தான் வழக்கு நகரும்.

இதை அக்கம்பக்கத்தாருக்கும் படித்துக் காட்டுங்கள்.